சைக்கிள் ஓடலாம், நடக்க ஏலாது: முள்ளந்தண்டு மூட்டில் வரும் நீர்க்கட்டியும் அதற்குப் போடும் ஊசியும்

என் சின்னம்மாவுக்கு வயது 67. உரும்பிராயில் தோட்டக் குடும்பம். வெங்காயத்துக்குக் களை பிடுங்கியும் புகையிலைக்குத் தண்ணீர் மாறியும் பழகிய உடம்பு. போன வருடம் நல்லூர்த் திருவிழா நேரம் அவருக்கு ஒரு விசித்திரமான சிக்கல் வந்தது. வெளிவீதி சுற்றத் தொடங்கினால் பாதி வீதிக்குள் வலது பிட்டத்திலிருந்து கால் பெருவிரல் வரை சுண்டி இழுக்கும். எங்காவது குனிந்து குந்தினால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். ஆனால் அதே ஆள் காலையில் திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளில் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்புவார். அப்போது ஒரு நோவும் கிடையாது. "கோயிலைச் சுத்த ஏலாதாம், சந்தைக்குப் போக மட்டும் கால் வருமாம்" என்று சித்தப்பா பகிடி விட்டார்.

வைத்தியருக்கு அந்தப் பகிடியே பாதி வருத்தத்தைச் சொல்லிவிட்டது. நிமிர்ந்து நடக்கும்போது முள்ளந்தண்டின் உள்ளே நரம்புகள் போகும் கால்வாய் சற்று ஒடுங்கும். முன்னால் குனிந்தால் அது விரியும். சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக் குனிந்து இருப்பவருக்கு நரம்பின் மேல் உள்ள அழுத்தம் குறைவதால் நோவும் குறைகிறது. காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டிருந்தால் கதை வேறு. தசைக்கு இரத்தம் போதாமல்தான் நோகிறது என்றால் சைக்கிள் மிதித்தாலும் நோகும். நடந்தால் நோகும் கால் சைக்கிளில் நோகிறதா இல்லையா என்று பார்ப்பது மருத்துவத்தில் பெயர் பெற்ற ஒரு சோதனை. யாழ்ப்பாணத்தாருக்கு இதைச் செய்ய ஆஸ்பத்திரி வரை போகவே தேவையில்லை.

நம் ஊரில் நாரியிலிருந்து காலுக்கு இறங்கும் நோ எல்லாமே 'டிஸ்க்' தான். "டிஸ்க் விலகிப் போச்சு" என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வைத்தியரிடமே போகிறோம். நாற்பது வயதுக்காரருக்கு அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அறுபதைத் தாண்டியவர்களில் டிஸ்க் அல்லாத வேறொன்றும் அதே நரம்பை அதே மாதிரி நசுக்கலாம். அதுதான் முள்ளந்தண்டின் பின்பக்க மூட்டிலிருந்து புடைக்கும் நீர்க்கட்டி.

மூட்டா, முதுகிலா என்று கேட்கலாம். ஒவ்வொரு முள்ளென்பும் அடுத்ததோடு மூன்று இடங்களில் பொருந்துகிறது. முன்னால் டிஸ்க் இருக்கிறது. பின்னால் வலமும் இடமுமாக இரண்டு சிறிய மூட்டுகள். அளவில் சிறியவை என்பதைத் தவிர முழங்கால் மூட்டிலிருந்து அவை பெரிதாக வேறுபடுவதில்லை. குருத்தெலும்பு, மூட்டைச் சுற்றிய உறை, உள்ளே வழவழப்புக்கு மூட்டுநீர் எல்லாம் உண்டு. ஒன்று அல்லது இரண்டு மில்லிலீற்றர் திரவம் போனால் மூட்டு நிறைந்துவிடும். முழங்கால் தேய்வது போலவே இவையும் தேய்கின்றன. தேய்ந்த மூட்டு தளர்கிறது, தளர்ந்த மூட்டு எரிச்சலடைந்து அதிக நீர் சுரக்கிறது, அந்த நீருக்கு இடம் வேண்டும். தேய்ந்த டயரின் வெடிப்புக்குள்ளால் ரியூப் பிதுங்குமே, அதே மாதிரி மூட்டுறை பலவீனமான இடத்தில் புடைக்கிறது. வெளிப்பக்கம், முதுகுத் தசைக்குள் புடைத்தால் தெரியவே வராது. உள்பக்கம், நரம்புக் கால்வாய்க்குள் புடைத்தால்தான் வினை.

இது நாரியின் நான்காவது, ஐந்தாவது முள்ளென்புகளுக்கு இடையில்தான் அதிகம் வருகிறது. நாரியில் கூடிய அசைவும் தேய்மானமும் அங்குதான். அந்த இடத்தில் மேல் எலும்பு கீழ் எலும்பின் மேல் சற்று முன்னால் வழுக்கியிருப்பதும் இப்படியான நோயாளரில் அடிக்கடி காணப்படுகிறது. அங்கு வரும் கட்டி பெரும்பாலும் ஐந்தாவது நாரி நரம்பை அழுத்துகிறது. அந்த நரம்பு பிட்டம், தொடையின் வெளிப்பக்கம், கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியாகப் புறங்காலுக்கும் பெருவிரலுக்கும் போகிறது. சின்னம்மா விரலால் காலில் கோடு இழுத்துக் காட்டிய பாதையும் அதுவேதான்.

இதற்கு ஆங்கிலத்தில் பொதுவாக வழங்கும் பெயர்களில் ஒன்றான juxtafacet cyst 1974 இல்தான் மருத்துவ எழுத்துக்கு வந்தது. தமிழில் இன்னும் ஒரு பெயரில் நிற்கவில்லை. 1847 இல் இலங்கைக்கு வந்து, பின் மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் படிப்பித்த அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர், உடற்கூற்று நூல்களையும் சத்திரவைத்திய நூல்களையும் தமிழாக்கினார். அவர் இருந்திருந்தால் இதற்கும் ஒரு சொல் கட்டியிருப்பார். இப்போதைக்கு 'மூட்டு நீர்க்கட்டி' என்றால் போதும். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இது புற்றுநோய்க் கட்டி அல்ல. ஸ்கேன் அறிக்கையில் 'கட்டி' என்று வாசித்த அன்று இரவு சின்னம்மா வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அறிக்கையைக் கையில் கொடுக்கும்போதே இந்த ஒரு வசனத்தையும் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தச் சோறு வீணாகியிருக்காது.

எக்ஸ்றேயில் இந்தக் கட்டி தெரியாது. எலும்பு வழுக்கியிருந்தால் அது தெரியும், நின்றபடியும் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்தால் அந்த வழுக்கல் அசைகிறதா என்றும் தெரியும். கட்டியைக் காண எம்.ஆர்.ஐ. வேண்டும். அதில் நீர் வெள்ளையாகத் தெரியும் ஒரு வகைப் படம் உண்டு. அந்தப் படத்தில் கட்டி பளீரென்று இருந்தால் உள்ளே இருப்பது தண்ணீர் போன்ற திரவம். கறுத்திருந்தால் கூழாகத் தடித்ததோ சுண்ணாம்பு படிந்ததோவாக இருக்கலாம். ஊசி எடுபடுமா என்பதற்கு இது ஒரு முன்குறிப்பு. பளீர்க் கட்டிகள் ஊசியில் எளிதாக உடைகின்றன, கறுத்தவை அடம் பிடிக்கின்றன.

படத்தில் கட்டி இருப்பதாலேயே அதுதான் நோவுக்குக் காரணம் என்றும் ஆகிவிடாது. வயது போனவர்களின் நாரியைப் படம் எடுத்தால் தேய்வும் புடைப்பும் இல்லாதவர் அபூர்வம். கட்டி வலது பக்கம், நோ இடது கால் என்றால் கட்டியைத் தொடுவதில் பயன் இல்லை. கட்டி அழுத்தும் நரம்பும், நோ இறங்கும் பாதையும், பரிசோதனையில் தெரியும் விறைப்பும் பலக்குறைவும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். ஊசி பலன் தராமல் போன கதைகளில் ஒரு பங்கு இந்தப் பொருத்தம் பார்க்காததால் வந்தவை என்பது என் எண்ணம்.

சரி, ஊசிக்கு வருவோம். "ஊசி போட்டும் பார்த்தாச்சு, சரிவரேல்லை" என்று சொல்பவரிடம் எந்த ஊசி, எங்கே போட்டது என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் பிட்டத்தில் போட்ட நோ ஊசியைத்தான் சொல்வார்கள். அது இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும் மருந்து. சில மணி நேரம் நோவைக் குறைக்கும், கட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே சொல்லும் ஊசி நோகும் மூட்டுக்குள்ளேயோ நசுங்கும் நரம்பின் அருகிலோ, படத்தைப் பார்த்துப் பார்த்துச் செலுத்தப்படுவது. தோலிலிருந்து அந்த மூட்டு பல சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்கிறது. மூட்டின் இடைவெளியோ சில மில்லிமீற்றர்தான். கைத்தடவலை நம்பிப் போடும் ஊசி அங்கே போய்ச் சேர்ந்ததா என்று போட்டவருக்கே தெரியாது.

படம் காட்ட இரண்டு வழிகள் பெரும்பாலும் பயன்படுகின்றன. ஒன்று, சத்திரசிகிச்சைக் கூடங்களில் இருக்கும் ஆங்கில 'சீ' எழுத்து வடிவான எக்ஸ்றே இயந்திரம். அது ஊசி நகர்வதை ஓடும் படமாகக் காட்டும். ஆனால் எலும்பைத்தான் காட்டும், கட்டியைக் காட்டாது. மற்றது சீ.ரீ. ஸ்கேன். அது மூட்டின் இடுக்கையும் ஊசிமுனையையும் தெளிவாகக் காட்டும், பல நேரம் கட்டியும் தெரியும். கதிர்வீச்சு பொதுவாகச் சற்றுக் கூட. வயிற்றுக்குப் பிடிக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எலும்பைத் தாண்டி உள்ளே பார்க்காது என்பதால் கால்வாய்க்குள் இருக்கும் கட்டிக்கு உதவாது.

நோயாளி குப்புறப் படுக்க வேண்டும். வயிற்றுக்குக் கீழ் ஒரு தலையணை வைப்பார்கள். தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, முதலில் விறைப்பு மருந்து. பிறகு மெல்லிய நீண்ட ஊசி, படத்தைப் பார்த்தபடி மூட்டுக்குள். ஊசி சரியான இடத்தில்தான் நிற்கிறதா என்று அறிய எக்ஸ்றேயில் தெரியும் சாயத்தைச் சில துளி விடுவார்கள். சாயம் மூட்டுக்குள் பரவி, மூட்டுக்கும் கட்டிக்கும் இடையே பாதை திறந்திருந்தால் கட்டிக்குள்ளும் போகும். படத்தில் அந்தச் சிறு உருண்டை கறுத்துத் திரள்வதைப் பார்க்கலாம். அதன் பிறகு ஸ்டெரொயிட்டும் விறைப்பு மருந்தும் கலந்த கலவை. முழுதும் அரை மணிக்குள் முடிந்துவிடும் வேலை.

இங்கே இரண்டு வேறு நோக்கங்கள் ஒரே ஊசிக்குள் இருக்கின்றன, பலரும் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, ஸ்டெரொயிட்டால் வீக்கத்தையும் எரிச்சலையும் தணிப்பது. நரம்பு நசுங்குவதால் மட்டும் இவ்வளவு நோவதில்லை. நசுங்கிய இடத்தைச் சுற்றிய அழற்சியே அதைச் சுண்டவைக்கிறது. அழற்சி அடங்கினால் கட்டி அப்படியே இருந்தும் நோ குறையலாம். இரண்டாவது, கட்டியை உடைப்பது. மூட்டு நிறைந்த பிறகும் விடாமல் திரவத்தை அழுத்திச் செலுத்தினால், கூடுதலாகக் காற்றடித்த ரியூப் போலக் கட்டி ஒரு கட்டத்தில் வெடிக்கும். ஊசி போடுபவரின் பெருவிரலுக்கு அது தெரியும், எதிர்த்துக்கொண்டிருந்த பிஸ்டன் சட்டென்று இளகும். சாயம் கட்டியை விட்டு வெளியே பரவுவது படத்தில் தெரியும். கட்டியின் நீரை உடம்பு தானே உறிஞ்சிக்கொள்ளும்.

வெடிக்கும் முன் வரும் அந்த அரை நிமிடம் கடுமையானது, அதை மறைத்துப் பயனில்லை. கட்டி ஊதும்போது நரம்பை இன்னும் அழுத்துவதால் வழக்கமான கால் நோவே பல மடங்காக வரும். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தாங்கலாம். சொல்லாவிட்டால் மேசையிலிருந்து எழும்பத்தான் தோன்றும்.

ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மாவின் மகன் வாட்ஸ்அப்பில் சொன்னான்: "அம்மா, இங்க ஊசியாலயே கட்டியை உடைக்கினம். ஒப்பரேசன் தேவையில்லையாம். நீங்கள் யோசிக்காதேங்கோ." முதல் வசனம் உண்மை. இரண்டாவதுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்த முறையைப் பற்றி 2009 இல் வெளியான, 101 நோயாளரைக் கொண்ட ஒரு தொகுப்பில் நூற்றுக்கு 81 பேருக்குக் கட்டி உடைந்தது. ஆனால் மொத்தத்தில் நூற்றுக்கு 54 பேர் நோ போதிய அளவு குறையாமல் பின்னர் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள். கட்டி உடைவதும் நோ மாறுவதும் ஒன்றல்ல என்பதை இந்த இரண்டு எண்களுக்கு இடையில் உள்ள தூரம் காட்டுகிறது. தேய்ந்த மூட்டு அங்கேயேதான் இருக்கிறது, அது மறுபடி நீர் சுரக்கும், கட்டி மறுபடி நிரம்பலாம். இத்துறையில் உள்ள ஆய்வுகள் பெரும்பாலும் இப்படி நோயாளரைப் பின்தொடர்ந்து எழுதிய தொகுப்புகளே. ஊசி போட்டவரையும் போடாதவரையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளின் பலம் இவற்றுக்கு இல்லை.

பாதிக்கு மேல் ஒப்பரேசன் என்றால் ஊசி எதற்கு? நான் அதே எண்ணை மறுபக்கமாக வாசிக்கிறேன். அறுபதிலும் எழுபதிலும் இருக்கும், சலரோகமும் பிறஷரும் உள்ள ஒருவருக்கு மயக்க மருந்து, முதுகில் வெட்டு, வாரக்கணக்கில் ஓய்வு எல்லாம் கிட்டத்தட்டப் பாதி வாய்ப்போடு தவிர்க்கக்கூடியவை என்றால் அது சின்ன விடயம் அல்ல. ஊசி தோற்றாலும் சத்திரசிகிச்சைக்கான கதவு மூடப்படுவதில்லை. காலில் பலம் குறையாதவருக்கு முதலில் இதை முயல்வது நியாயமான வழி என்பதே என் கருத்து. சின்னம்மாவுக்கும் முதலில் ஊசி என்ற முடிவு அவருடைய கால் பலத்தைப் பார்த்து எடுக்கப்பட்டது, ஸ்கேன் படத்தின் பயங்கரத்தைப் பார்த்து அல்ல.

ஸ்டெரொயிட் என்ற சொல்லுக்கே எங்கள் ஆட்களுக்குப் பயம். "உடம்பு ஊதும், எலும்பு உக்கும்" என்பார்கள். மாதக்கணக்கில் குளிசையாக விழுங்குபவருக்கு அந்தப் பயம் நியாயமானது. 1948 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதல் கோர்ட்டிசோன் என்ற ஸ்டெரொயிட்டைக் கொடுத்தபோது படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். இரண்டு வருடத்தில் நோபல் பரிசும் வந்தது. நீண்ட நாள் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அதன் பிறகுதான் தெரிய வந்தது. ஒரு மூட்டுக்குள் ஒரு முறை போடும் சிறு அளவு அதே வினையைச் செய்யாது. ஆனாலும் வருடத்தில் மூன்று நான்கு தடவைக்கு மேல் போடாமல் கட்டுப்படுத்துவது பொதுவான வழக்கம். ஒவ்வொரு நோவுக்கும் ஓடிப்போய்ப் போடும் ஊசி அல்ல இது.

யாழ்ப்பாணத்தில் முதலில் பேச வேண்டியது சலரோகம். ஊசி போட்ட பிறகு சில நாட்களுக்கு, சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல், இரத்தத்தில் சீனி ஏறும். வீட்டில் சீனி பார்க்கும் கருவி இருந்தால் அந்த நாட்களில் அடிக்கடி பார்க்க வேண்டும். சீனி ஏற்கெனவே கட்டுக்கடங்காமல் இருந்தால் அதைச் சரிப்படுத்திவிட்டு ஊசிக்குப் போவதே புத்தி. அடுத்தது, இதய வருத்தத்துக்கோ பாரிசவாதத்துக்கோ இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் குளிசைகள். முள்ளந்தண்டுக் கால்வாய்க்குள் இரத்தம் கசிந்து கட்டினால் நரம்பு நசுங்கும். அதனால் சில குளிசைகளை முன்கூட்டி நிறுத்தச் சொல்வார்கள். அதை நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை இதயத்தைப் பார்க்கும் வைத்தியரும் ஊசி போடுபவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணை "நான் மூன்று நாள் விட்டனான்" என்றால், அது அவருடைய இதயம்.

கிருமித் தொற்று அபூர்வம், வந்தால் கொடூரம். 2012 இல் அமெரிக்காவில் பூஞ்சணம் கலந்த ஒரு ஸ்டெரொயிட் மருந்து 700 பேருக்கு மேற்பட்டோரை நோயாளராக்கி அறுபதுக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. நமக்கும் கிட்டத்தில் ஒரு நினைவு உண்டு. 2005 இல் கொழும்பில் பிள்ளைப்பேற்றுச் சத்திரசிகிச்சைக்காக முதுகில் விறைப்பு ஊசி போட்ட பெண்கள் சிலருக்குப் பூஞ்சண மூளைக்காய்ச்சல் வந்து உயிரிழப்பும் நேர்ந்தது. சுனாமிக்குப் பிந்திய காலம் அது, சரியாகக் களஞ்சியப்படுத்தப்படாத ஊசிச் சிரிஞ்சுகள் மேல்தான் சந்தேகம் விழுந்தது. இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. முதுகுக்குள் போகும் எதுவும் கிருமியற்ற சூழலில், முத்திரை உடையாத மருந்தோடு நடக்க வேண்டும் என்று கேட்க நோயாளிக்கு உரிமை இருக்கிறது. 2014 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், முள்ளந்தண்டுக் கால்வாய்க்குள் போடும் ஸ்டெரொயிட் ஊசிகளால் அபூர்வமாகப் பார்வையிழப்பு, பாரிசவாதம் போன்ற பாரதூரமான பாதிப்புகள் வரலாம் என்று எச்சரித்தது. துகள் உள்ள மருந்து இரத்தக் குழாய்க்குள் போய் அடைப்பதும் அதற்கு ஒரு காரணம். கழுத்தில் இந்த ஆபத்து நாரியை விடக் கூட.

இனி வீட்டு வைத்தியம். புக்கை கட்டுவது, எண்ணெய் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் தசைப் பிடிப்புக்கு ஆறுதல் தரும். அதில் பிழை காண மாட்டேன். கட்டி சில நேரம் தானாகவே சுருங்கிப் போவதும் உண்டு, அப்போது பெயர் எண்ணெய்க்குப் போகும். போகட்டும். ஆனால் எலும்பு வழுக்கியிருக்கக்கூடிய நாரியை முறுக்கி 'சுளுக்கு எடுக்க' விடாதீர்கள்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு தானாகக் கழன்று விழுந்தால், சலம் போவது தெரியாமல் போனால் அல்லது அடைத்துக்கொண்டால், சைக்கிள் சீற்றில் படும் பகுதி விறைத்தால், ஊசியைப் பற்றியோ முறை வரும் திகதியைப் பற்றியோ யோசிக்காமல் அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த நிலையில் கட்டியை வெட்டி எடுத்து நரம்புக்கு இடம் கொடுப்பதுதான் வைத்தியம். எலும்பு அசைந்து வழுக்குகிறது என்றால் அந்த இரண்டு எலும்புகளையும் ஆணியிட்டுப் பொருத்தவும் வேண்டி வரலாம்.

சின்னம்மாவுக்கு ஊசி போட்ட அன்று கால் நான்கு மணி நேரம் விறைத்திருந்தது. ஓட்டோவில் ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அடுத்த இரண்டு நாள் முகம் சிவந்து, நித்திரை இல்லாமல், "முன்னைவிட நோகுது" என்று எல்லாரையும் ஏசினார். நாலாம் நாள் கால் நோ இறங்கத் தொடங்கியது. நாரி நோ மட்டும் அப்படியே இருக்கிறது, தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதானே. ஆறு கிழமை கழித்துக் கிளினிக்குக்குப் போனபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "திரும்ப வருமோ டொக்டர்?"

"வரலாம் அம்மா."

"அப்ப வரேக்குள்ள பாப்பம்" என்று சொல்லி ஸ்கேன் படத்தைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.